அறுவது பேரு, இருவது கேள்வி, ஒரு பிளிப் சார்ட்டு

கேள்வி: வணக்கமுங்க அக்கா. பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருசம் படிக்கறேன். ஊரு கோபி பக்கம், அப்பா மஞ்சளும் வாழையும் போடறாரு. எங்க அமுச்சி ரெண்டு வருசம் படுக்கையில கெடந்தப்ப நாந்தான் பாத்துக்கிட்டேன், அதனாலதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். வார்டு டூட்டின்னா எனக்கு உசுரு, வென்ஃப்ளான் (டிரிப்பு ஏத்த நரம்புல போடற ஊசிக்குழாய்) போடணும்னா என்னையத்தான் கூப்புடுவாங்க. ஆனா கிளாசுக்குள்ள போனா தலையில அடிச்சுக்கலாம் போல இருக்குதுங்க. நர்சிங் தியரி எழுதுன மார்த்தா ரோஜர்ஸ் சொல்றாங்களாம், மனுசன் ஒரு எனர்ஜி ஃபீல்டுன்னு. கிங், நியூமன், ஓரம்னு மத்த தியரிக்காரங்களும் ஆளாளுக்கு நாலு பெட்டி, நாலு அம்புக்குறி. இதுல ரிசர்ச் புராஜெக்ட் வேற. டாபிக்க கைடு மேடமே குடுத்துட்டாங்க, நோயாளிகூட இருக்கறவங்களுக்குக் கை கழுவறதப் பத்தி ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம். ரிசல்ட்டு என்ன வரும்னு இப்பவே தெரியுது, அப்பறம் எதுக்குங்க ஆராய்ச்சி? வார்டுல இருக்கற சிஸ்டருங்க ஒருத்தரும் இதையெல்லாம் படிக்கற மாதிரித் தெரியல, ஆனா நல்லாத்தான வேல செய்யறாங்க. சில நாளு படிப்பையே விட்டுட்டு ஊட்டுக்குப் போயிரலாம்னு இருக்குது. என்னங்க பண்றது? பி.கு.: ரோஜர்ஸ் பரீட்சைக்கு வருமுங்களா?

பதில்:

கண்ணு, பின்குறிப்புக்குக் கடைசில வர்றேன். உன்ற கோவத்துல முக்காவாசி நியாயந்தான், அத மொதல்லயே சொல்லிப்போடறேன். நானும் கோயமுத்தூர்ல பத்துப் பதினோரு வருசம் வார்டுல ஓடி, இன்சார்ஜா இருந்து, அப்பறம் எம்.எஸ்ஸி. முடிச்சு இப்ப பசங்களுக்குக் கைடா இருக்கறவ, அதாவது நீ மனசுக்குள்ள திட்டிட்டு இருக்கறயே ஒரு மேடம், அந்த மாதிரி ஒருத்திதான் நானும், அதனால ரெண்டு பக்கத்து வவுத்தெரிச்சலும் எனக்குத் தெரியும்.

உன்ற புராஜெக்ட்டோட ரிசல்ட்ட நானே இங்க எழுதிரட்டுமா? அறுவது பேருகிட்ட இருவது கேள்வி கேப்பீங்க, சராசரியா எட்டோ ஒம்பதோ வாங்குவாங்க. பிளிப் சார்ட்டு, அதான் புரட்டிப் புரட்டிக் காட்டற படத்தாளு, புடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசுவீங்க. ஏழாம் நாளு அதே கேள்வித்தாளக் குடுத்தா பதினாலு பதினஞ்சு வாங்குவாங்க. முன்னாடி மார்க்கையும் பின்னாடி மார்க்கையும் ஒப்பிடற பேர்டு டி டெஸ்ட் போட்டா பி வேல்யூ 0.05க்குக் கீழ வரும் (அது என்னன்னு பின்னாடி சொல்றேன்), "கற்பித்தல் திட்டம் பயனுள்ளதாக இருந்தது"ன்னு எழுதி, வயசு, படிப்பு, வருமானத்துக்கெல்லாம் மார்க்கோட சம்பந்தம் இருக்குதான்னு கை ஸ்கொயர்ங்கற கணக்கும் போட்டு, கருப்பு அட்டையில தங்க எழுத்து அடிச்சு லைப்ரரியில தாட்டி விட்டா வேல முடிஞ்சுது. ஒரே கேள்வித்தாள ரெண்டு தடவ குடுத்தா ரெண்டாந்தடவ மார்க்கு ஏறும், அதுக்கு நர்ஸு வேணுமா என்ன, எட்டாங்கிளாஸ் வாத்தியாரக் கேட்டாலே சொல்லுவாரு. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப்பு இல்ல, கையக் கழுவறாங்களான்னு கண்ணுல பாத்ததும் இல்ல. நீ சலிச்சுக்கறது இதையத்தான், செரியாத்தான் சலிச்சுக்கற.

என்ற கதையச் சொல்றேன் கேளு. எம்.எஸ்ஸி.யில என்ற டாபிக்கும் இதே சட்டியில வெந்ததுதான். மாசமா இருக்கறவங்க அறுவது பேருக்கு, புள்ள பொறந்த ஒடனே தாய்ப்பாலத் தவிர வேற ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு, சீனித்தண்ணி, தேனு, கழுதப்பாலு எதும் வேண்டாம்னு கிளாஸ் எடுத்தேன். பி வேல்யூ 0.001க்கும் கீழ போச்சு, வைவாவுல, அதான் வாய்மொழிப் பரீட்சையில, எக்ஸாமினரு கையக் குலுக்குனாரு, நானும் பட்டுச் சீல கட்டிட்டுப் போட்டோ எடுத்தேன். நாலஞ்சு மாசம் கழிச்சுப் பிரசவ வார்டுப் பக்கம் போறேன், என்ற அறுவது பேருல ஒரு புள்ள புள்ளப் பெத்துட்டுப் படுத்திருக்குது, இருவதுக்குப் பதினெட்டு வாங்குன புள்ள அது, பக்கத்துல அவங்க ஊட்டுக்காரரோட பெரியத்தை தங்க மோதரத்துல தேனத் தொட்டுக் கொழந்தை வாயில வெச்சுட்டு இருக்கறாங்க. சேனை வைக்கறாங்களாமா. சேனை வெக்கறவங்க கொணந்தான் புள்ளைக்கு வருமாம், அதனால கைராசிக்காரங்களத் தேடிக் கூட்டிட்டு வந்திருக்கறாங்க. நான் அந்தப் புள்ளையப் பாத்தேன், அது என்னையப் பாத்துட்டு, "எனக்குத் தெரியுமுங்க சிஸ்டர், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, ஆனா அத்தைகிட்ட நான் எப்பிடிங்க சொல்றது"ன்னுச்சு.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து என்ற தீசிஸ எடுத்துப் பாத்தேன். ரெண்டாவது அத்தியாயத்துல கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க்குன்னு, ஆராய்ச்சி எந்தத் தியரி மேல நிக்குதுன்னு காட்ட, ஒரு பக்கம் ஒட்டணும்கறதுக்கோசரம் நோலா பெண்டர்ங்கற நர்ஸோட ஹெல்த் புரமோஷன் மாடல எடுத்துப் போட்டிருந்தேன், எல்லாரும் பண்ற மாதிரி டேட்டாவெல்லாம் எடுத்து முடிச்சதுக்கப்பறம் போட்டதுதான். அந்தப் படத்துல ஒரு பெட்டி இருக்குது, மத்தவங்களோட தாக்கம், குடும்பம், கூட இருக்கறவங்க, ஊரு வழக்கம்னு. என்ற கையால ஸ்கேல் வெச்சு வரைஞ்ச பெட்டி அது. அந்தப் பெட்டிக்குள்ளதான் பெரியத்தை மோதரத்தோட ஒக்காந்திருந்திருக்கறாங்க, நான் எட்டிக்கூடப் பாக்கல. டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே அந்தப் படத்த ஒருக்கா ஒழுங்காப் பாத்திருந்தா, நான் கேள்வி கேக்க வேண்டிய ஆளு அந்தப் புள்ள இல்ல, அது மாமியாளும் அத்தையும்னு தெரிஞ்சிருக்கும். அறுவது பேருமே தப்பான அறுவது பேரு. எனக்கு தியரி மேல இருந்த கோவம் அன்னிக்குத்தான் கொஞ்சம் என்ற மேலயே திரும்புச்சு.

அதுக்காக எல்லாத் தியரியும் பெருசுன்னு சொல்ல வரல. ரோஜர்ஸ எனக்கும் இன்னிக்கு வரைக்கும் முழுசா ஏறுனதில்ல. அந்தம்மா 1970ல எழுதுனது, அந்தக் காலத்துல அமெரிக்காவுல நர்சிங் படிப்பு ஆஸ்பத்திரிய விட்டு யுனிவர்சிட்டிக்குள்ள போயிட்டு இருந்துச்சு, டாக்டருக்குக் கைப்பிடியா நிக்கற வேல இல்ல இது, தனியா ஒரு படிப்புன்னு காட்டியாகணும்கற கட்டாயம் இருந்துச்சு, அதுக்குன்னே மொழியும் மேல மேல ஏறிப் போச்சுன்னு நான் நெனைக்கறேன். பஞ்சாயத்துல பேசறவன் திடீர்னு செந்தமிழ்ல இறங்குவானே, அந்த மாதிரி.

எனர்ஜி ஃபீல்டுக் கதையில உனக்குப் புடிக்கற மாதிரி ஒண்ணு இருக்குது. தெரப்யூட்டிக் டச்னு ஒரு வைத்தியம், நோயாளியத் தொடாமயே கைய மேல ஆட்டி அந்த ஃபீல்டச் செரி பண்றதா நெறைய நர்ஸுங்களே செஞ்சுட்டு இருந்தாங்க, ரோஜர்ஸோட கருத்துக்கள அதுக்குத் தொணைக்குச் சொல்லிக்குவாங்க. அமெரிக்காவுல எமிலி ரோசான்னு ஒரு புள்ள, ஒம்பது வயசு, ஸ்கூல் சயின்ஸ் புராஜெக்ட்டுக்கோசரம் நடுவுல அட்டையத் தட்டியா வெச்சு, அந்த வைத்தியம் செய்யறவங்க 21 பேர ஒக்கார வெச்சு, அந்தப்பக்கம் கைய நீட்டச் சொல்லி, உங்க எந்தக் கைக்கு மேல என்ற கை இருக்குதுன்னு சொல்லுங்கன்னு கேட்டுச்சு. 280 தடவையில 123 தடவதான் செரியாச் சொன்னாங்க, 44 சதவீதம். காசு சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாக்கூடப் பாதி வந்திருக்கும். அது 1998ல ஜாமாங்கற பெரிய மருத்துவப் பத்திரிகையிலயே வந்துச்சு. அட்டையத் தவிர பெருசா ஒண்ணும் செலவில்ல பாரு. ரோஜர்ஸ் பாடம் நடத்தறப்பவெல்லாம் நான் இதையும் சேத்துச் சொல்லிருவேன், சிலபஸ்ல இல்ல, இருந்தாலும்.

அமுச்சியப் பத்தி எழுதியிருந்த. ரெண்டு வருசம் படுக்கைன்னா முதுகுக்கு ஸ்பிரிட்டு தேச்சு பவுடர் போட்டு உட்டிருப்பீங்க, எங்க காலத்துல எங்களுக்கு வார்டுலயே அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. இங்கிலாந்துல டோரீன் நார்ட்டன்னு ஒரு நர்ஸு, வயசானவங்க வார்டுல வேல செஞ்சவங்க. படுக்கைப் புண்ணு வராம இருக்க என்னென்னத்தையோ தேய்ப்பாங்க அந்தக் காலத்துல, வார்டுக்கு வார்டு ஒரு பழக்கம். இவங்க இன்னும் ரெண்டு பேரோட சேந்து ஒக்காந்து பாத்து, 1962ல எழுதுனாங்க, தேய்க்கறதுல பெருசா ஒண்ணுமில்ல, நேரந்தவறாமத் திருப்பிப் படுக்க வெக்கறதுலதான் விசயம் இருக்குதுன்னு. யாருக்குப் புண்ணு வரும்னு முன்னாடியே சொல்றதுக்கு ஒரு அளவும் போட்டாங்க, ஒடம்பு நெலம, மனத் தெளிவு, நடமாட்டம், படுக்கையில அசையறது, மல மூத்திரக் கட்டுப்பாடுன்னு அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மார்க்கு, மொத்தம் இருவது, பதினாலும் அதுக்குக் கீழயும் வந்தா உசாரா இருக்கணும். நீ வார்டுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நோயாளியத் திருப்பறயே, அது "வழக்கம்" இல்ல கண்ணு, ஒரு நர்ஸு எரிச்சல்பட்டுக் கேட்ட கேள்விக்குக் கெடச்ச பதிலு. செவந்து போன எடத்துல அழுத்தித் தேச்சா தோலு இன்னும் கெட்டுப்போகும்னு இப்பச் சொல்றதும் இப்பிடி வந்த பதிலுதான்.

வார்டு சிஸ்டருங்க படிக்காமயே நல்லா வேல செய்யறாங்கன்னயே, அவங்க கை செய்யறதுல பாதி எப்பவோ யாரோ படிச்சு எழுதுனதுதான், கை வழியா வந்ததால பேரு மறந்து போச்சு. ஆனா அதே கை இன்னமும் சில எடத்துல ஸ்பிரிட்டும் பவுடரும் தேச்சுட்டுத்தான் இருக்குது, ஏன்னா அதுவும் கை வழியாத்தான வந்துச்சு.

இன்னொண்ணு. இதுதான் எனக்கு நெம்பப் புடிச்சது, சித்த நேரம் பொறுமையாப் படி. கேன்சர் வார்டுல நீ போஸ்ட்டிங் போயிருந்தா இது நடக்காம இருந்திருக்காது. பையன் நம்மளத் தனியா அக்கட்டால கூட்டிட்டுப் போயி, "சிஸ்டர், அம்மாவுக்குக் குடல்ல புண்ணுன்னுதான் சொல்லியிருக்கறமுங்க, நீங்க எதும் சொல்லிராதீங்க"ம்பான். நாம தலையாட்டுவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப்பு மாத்தப் போனா அந்தம்மா கண்ணத் தொறந்து, "எனக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும் சாமி, பசங்ககிட்டச் சொல்லிராத, மனசொடிஞ்சு போயிருவாங்க"ம்பாங்க. ஆக ஊடே தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி நடிக்குது, நடுவுல நாம. இந்த எடத்துல நின்னு முழிச்சிருக்கறயா? நான் முழிச்சிருக்கறேன், பல ராத்திரி.

அறுவதுகள்ல சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல கிளேசர், ஸ்ட்ராஸ்னு ரெண்டு சமூகவியல்காரங்க, அவங்ககூட ஜீன் குவின்ட்னு ஒரு நர்ஸு, சாகப்போறவங்க கட்டலுக்குப் பக்கத்துல போயி நின்னு யாரு யாருகிட்ட என்ன பேசறாங்கன்னு பாத்தாங்க. கேள்வித்தாளு இல்ல, பிரி டெஸ்ட் இல்ல, சும்மா பாத்தாங்க, எழுதுனாங்க. பாத்து நாலு நெலமையாப் பிரிச்சாங்க: நோயாளிக்கு ஒண்ணும் தெரியாது, நோயாளிக்குச் சந்தேகம் வந்துருச்சு, ரெண்டு பக்கமும் தெரிஞ்சு நடிக்கறாங்க, ரெண்டு பக்கமும் தெரிஞ்சு பேசிக்கறாங்க. நான் மேல சொன்ன அந்தம்மா மூணாவது. இதப் படிச்சப்ப, எங்கயோ அமெரிக்காவுல ஒக்காந்து நம்ம ஊரு வார்டப் பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சு எனக்கு. நீ கிளாசுல கிரவுண்டட் தியரின்னு, அதாவது நேர்ல பாத்ததுல இருந்தே தியரியக் கட்டற மொறைன்னு, மனப்பாடம் பண்றது இப்பிடிப் பொறந்ததுதான். எந்த நெலமையில நிக்கறோம்னு தெரிஞ்சதுக்கப்பறம் எனக்குப் பேச்சு வந்துச்சு, பையன்கிட்டப் போயி, "அம்மாவுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிருக்கலாமுங்க, சும்மா பக்கத்துல ஒக்காந்து, ஒடம்பு எப்பிடி இருக்குதும்மான்னு கேட்டுப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லுவேன். சில ஊட்டுல பேசிக்குவாங்க, சில ஊட்டுல கடைசி வரைக்கும் நடிப்புத்தான், போச்சாது.

புள்ளிவிவரத்துக்கு வர்றேன், அதுல நீ பயந்தமாதிரி எழுதல, வெறுப்பாத்தான் எழுதியிருக்கற, இருந்தாலும். உங்கப்பா மஞ்சளுக்குப் புதுசா ஒரு மருந்தோ ஒரமோ வாங்குனா காடு பூராத்துக்கும் ஒரேடியாப் போட்டுருவாரா? ரெண்டு பாத்திக்குப் போட்டுப்போட்டு, பக்கத்துப் பாத்திய அப்பிடியே உட்டு வெச்சு, வெட்டறப்ப எடை போட்டுப் பாப்பாரு. அந்தச் சும்மா உட்ட பாத்திதான் கன்ட்ரோல் குரூப்பு. நெசமாலுமே இந்தக் கணக்கு காட்டுலதான் பொறந்துச்சு. ரொனால்டு ஃபிஷர்னு ஒருத்தரு இங்கிலாந்துல ராதம்ஸ்டட் வெவசாய ஆராய்ச்சிப் பண்ணையில 1919ல வேலைக்குச் சேந்தவரு, எந்தப் பாத்திக்கு ஒரம்கறதச் சீட்டுக் குலுக்கற மாதிரி முடிவு பண்ணணும்னாரு, 1925ல எழுதுன புஸ்தகத்துல இருந்துதான் நீ பாக்கற 0.05 எல்லாப் பக்கமும் பரவுச்சு. டி டெஸ்ட்டு அதுக்கும் முந்தி, 1908ல, கின்னஸ் பீர் கம்பெனியில வேல செஞ்ச காசெட்டுங்கறவரு போட்ட கணக்கு. உங்க மேடம் இதச் சொல்லியிருக்க மாட்டாங்க. பி வேல்யூங்கறது, ஒரம் ஒரு வேலையுமே செய்யலன்னு வெச்சுக்கிட்டா, சும்மா அதிர்ஷ்டத்துல இந்த அளவு எடை வித்தியாசமோ இதவிட எச்சாவோ வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புங்கறது மட்டுந்தான். ஒரக்காசுக்குக் கட்டுபடியாகுமாங்கறத அது சொல்லாது, அத உங்கப்பாதான் சொல்லணும்.

செரி, உன்ற புராஜெக்ட்ட என்ன பண்றது. டாபிக்க மாத்துங்கன்னு மேடத்துகிட்டப் போயி ஓரியாட்டம் போடாத, அவங்களுக்கும் ஒவ்வொரு குரூப்பையும் தேதிக்குள்ள கரையேத்தற பாடு இருக்குது, எத்திக்ஸ் கமிட்டிக்குப் பேப்பரு போகணும், ஆஸ்பத்திரி அனுமதி வாங்கணும், புதுசா எதாச்சும்னா எல்லாம் மொதல்ல இருந்து. "மேடம், இதோட இதையும் சேத்துக்கலாமுங்களா"ன்னு கேளு. நம்ம பக்கத்துல அப்பிடிக் கேட்டா ஆகாததும் ஆகும். சேக்க வேண்டியது ரெண்டுதான். கேள்வித்தாளு குடுக்கறதோட நிறுத்தாம, ஒரு செக்லிஸ்ட்டு வெச்சுக்கிட்டு ஓரமா நின்னு, நோயாளிக்குச் சோறு ஊட்டறதுக்கு முன்னாடியும், பெட்பேன் எடுத்ததுக்கப்பறமும் எத்தன பேரு நெசமாக் கை கழுவறாங்கன்னு எண்ணு, கிளாசுக்கு முன்னாடி ஒரு வாரம், பின்னாடி ஒரு வாரம். அப்பறம், இத யாரும் கேக்க மாட்டாங்க, அந்த வார்டுல பைப்பு எங்க இருக்குது, கட்டல்ல இருந்து எத்தன அடி, அதுல தண்ணி வருதா, சோப்பு இருக்குதான்னு தெனமும் எழுதி வெய்யி. பெண்டரோட படத்துல சூழ்நிலைன்னு ஒரு பெட்டி இருக்கும் பாரு, இது அதுக்குள்ள போகும். சோப்பே இல்லாத வார்டுல ஏழு படி கை கழுவற மொறையப் பிளிப் சார்ட்டுல காட்டிட்டு நின்னா அதுக்குப் பேரு என்னன்னு நீயே சொல்லு. மார்க்கு பதினஞ்சுக்கு ஏறி, கை கழுவறது மட்டும் அப்பிடியே கெடந்துச்சுன்னு உன்ற ரிசல்ட்டு வந்தா மேடம் கொஞ்சம் மொகத்தச் சுளிக்கலாம், ஆனா அந்த லைப்ரரியில தூசி தட்டிப் படிக்கற ஒரே புஸ்தகம் அதாத்தான் இருக்கும். வார்டு இன்சார்ஜுக்குச் சோப்பு கேட்டு எழுதறதுக்கு ஒரு காயிதமும் ஆச்சு. செக்லிஸ்ட்டும் கமிட்டிக்குப் போற பேப்பர்லயே இருக்கணும், அப்பறமாச் சொருகாத.

காயிதம்னதும் ஞாபகம் வருது. ஆளு பத்தல, ஆளு பத்தலன்னு நர்ஸுங்க காலங்காலமா அழுதுட்டுத்தான் இருக்கறோம், மேல இருக்கறவங்களுக்கு அது பொலம்பலாத்தான் கேக்கும். லிண்டா எய்க்கன்கற நர்ஸு 2002ல பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரியோட கணக்க எடுத்து, ஒரு நர்ஸு தலையில இன்னும் ஒரு நோயாளியச் சேத்துக் கட்டுனா, ஆபரேஷன் முடிஞ்சவங்க 30 நாளுக்குள்ள சாகற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு காட்டுனாங்க. அதுக்கப்பறம் ஆளு கேக்கறவங்க கையில ஒரு நம்பரு இருக்குது. நைட் டூட்டியில நாப்பது பேர ரெண்டு பேரு பாத்துட்டு அழுகறதும் உண்மதான், ஆனா கணக்குக் கேக்கறவன் மேசையில அழுகைய வெக்க முடியாதே.

படிக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன், பேப்பர மொதல் பக்கத்துல இருந்து படிக்காத, தூக்கம் வந்துரும். யாரக் கேட்டாங்க, யாரோட ஒப்பிட்டாங்க, எத அளந்தாங்கன்னு நடுவுல தேடிப் பாத்துட்டு, அப்பறம் டேபிள மட்டும் பாரு, கடைசில அவங்க சொல்ற முடிவுக்கும் டேபிளுக்கும் பொருத்தம் இருக்குதான்னு பாரு. பாதிப் பேப்பர அங்கயே மூடி வெச்சர்லாம். பப்மெட் சென்ட்ரல்ங்கற வெப்சைட்டுல காசில்லாமலே நெறைய முழுப் பேப்பரு கெடைக்குது, ஹாஸ்டல் வைஃபை எடுத்தா.

படிப்ப விட்டுட்டுப் போறதப் பத்தி என்ன சொல்றது. நாலு வருசத்துல மூணே முக்கால் தாண்டிட்ட, பீஸு கட்ட அப்பா எத்தன வெள்ளாமைப் பணத்தக் கொண்டாந்து குடுத்தாருன்னு உனக்கே தெரியும், இந்த நேரத்துல போனா கையில ஒண்ணுமிருக்காது. அதுக்கும் மேல, அமுச்சியோட முதுகப் பாத்து வந்த புள்ள நீ, உன்னைய மாதிரி வார்டப் பாத்து எரிச்சல்படறவங்கதான் நல்ல கேள்வி கேக்கறாங்க, கிளாசுல மனப்பாடமா ஒப்பிக்கறவங்ககிட்ட இருந்து நான் ஒண்ணு கூட வாங்குனதில்ல. நாளைக்கு டூட்டிக்குப் போறப்ப ஏப்ரன் பாக்கெட்டுல ஒரு சின்ன நோட்டு வெச்சுக்கோ, "இது ஏன் இப்பிடிச் செய்யறோம்"னு தோணறதையெல்லாம் அங்கயே கிறுக்கி வெய்யி, எழுத்து கோணலா இருந்தாலும் செரி.

அப்பறம் ரோஜர்ஸ். பரீட்சைக்கு வரும் கண்ணு, வந்துட்டேதான் இருக்குது, வேற வழியில்ல. அந்தப் படத்த ரெண்டு தடவ போட்டுப் பழகிக்கோ, பேப்பரு திருத்தறவங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.